கிரெட்ல்: தொடக்கநிலை ரிக்ரெஷனுக்கு இந்த இலவச மென்பொருள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பொருளாதார அளவையியல் முதல் தாளில் திணறல் வருவது ரிக்ரெஷனில், அதாவது ஒரு மாறி மற்றவற்றோடு எப்படி மாறுகிறது என்று கோடு பொருத்துவதில், கெழுக்களை (ஒவ்வொரு மாறிக்கும் வரும் பெருக்கெண்களை) கணக்கிடும்போது அல்ல. அதை எந்த மென்பொருளும் ஒரு நொடியில் செய்துவிடும். வந்த கெழுவை எவ்வளவு நம்பலாம், எந்தச் சோதனை என்ன கேள்வி கேட்கிறது, பதிலை எப்படி வாக்கியமாக எழுதுவது என்று வரும்போதுதான் கை தடுமாறும். அந்த இடத்தில் கிரெட்ல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே இந்த மதிப்புரை. நேரத் தொடர், பேனல் தரவு, இன்னபிற வசதிகள் இதில் நிறைய உண்டு. அவற்றைத் தொடவில்லை.

கிரெட்ல் 2000-ல் வெளிவந்தது. ஜி.பி.எல் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆலின் காட்ரெல், ரிக்கார்டோ லுக்கெட்டி என்ற இரு பொருளியல் பேராசிரியர்கள் இதை வளர்த்துவருகிறார்கள். இதன் மூலநிரல் ராமு ராமநாதனின் ஈ.எஸ்.எல் என்ற பழைய நிரல் தொகுப்பிலிருந்து கிளைத்தது. அதனால்தான் மாதிரித் தரவுகளைத் திறந்தால் ராமநாதன் பெயரில் ஒரு தாவல் நிற்கிறது.

தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: முதல் செமஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இலவசமாகக் கிடைப்பது கடினம். ஆனால் இரண்டு மூன்று இடங்களில் மாணவரைத் தவறான பக்கம் மெதுவாகத் தள்ளிவிடுகிறது. அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

சோதித்துப் பார்க்க நல்ல தரவு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஃபைல் மெனுவில் மாதிரிக் கோப்புகளைத் திறந்து, ராமநாதன் தாவலில் டேட்டா4-1 என்பதை இருமுறை சொடுக்கினால் போதும். சான் டியேகோ நகரின் ஒரு குடியிருப்புப் பகுதியில் 1990-ல் விற்ற 14 தனி வீடுகளின் விவரம் வரும். விலை ஆயிரம் டாலரில், பரப்பு சதுர அடியில், கூடவே படுக்கையறை, குளியலறை எண்ணிக்கை. 14 என்பது மிகச் சிறிய மாதிரி. அதுவே இங்கே வசதி: எந்தச் சோதனை எங்கே தள்ளாடுகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும், ஒவ்வொரு எண்ணையும் கால்குலேட்டரில் சரிபார்க்கவும் முடியும்.

மாடல் மெனுவில் ஓ.எல்.எஸ் என்ற சாதாரண மீச்சிறு வர்க்க முறையைத் தேர்ந்தெடுத்து, விலையைச் சார்ந்த மாறியாகவும் பரப்பைச் சாரா மாறியாகவும் வைத்தால் வருவது: மாறிலி 52.351, பரப்பின் கெழு 0.13875, அதன் திட்டப் பிழை (கெழு எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு) 0.01873, டி-விகிதம் (கெழுவைத் திட்டப் பிழையால் வகுத்தது) 7.41, ஆர்-ஸ்கொயர் (விலை வேறுபாட்டில் மாடல் விளக்கும் பங்கு) 0.8205. மாறிலி தானாகவே பட்டியலில் இருக்கும். பைத்தானின் ஸ்டேட்ஸ்மாடல்ஸில் வரிசைகளை நேரடியாகக் கொடுப்பவர்கள் மாறிலியைச் சேர்க்க மறந்து, அசாதாரணமாக உயர்ந்த ஆர்-ஸ்கொயரைப் பார்த்து மகிழ்வது வழக்கம். கிரெட்லில் அந்த விபத்து நேர வேண்டுமென்றால் மாறிலியை வேண்டுமென்றே நீக்க வேண்டும்.

இந்த வெளியீட்டைப் படிப்பதில் முதல் சறுக்கல் அலகில் வரும். 0.13875 என்பது 13.9 சென்ட் அல்ல. விலை ஆயிரம் டாலரில் இருப்பதால், ஒரு சதுர அடி கூடுதலாக உள்ள வீட்டின் விலை சராசரியாக 138.75 டாலர் கூடுதல் என்று பொருள். கெழு அட்டவணையில் அலகு எங்கும் அச்சாகாது. முதன்மைச் சாளரத்தில் மாறிப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள விளக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தத் தரவை ஏற்றும்போது அந்த விளக்கக் கட்டத்தை நிரப்பாமல் விடுவது பின்னால் தலைவலி தரும். விலையை டாலருக்கு மாற்றி மறுபடி ஓட்டினால் கெழுவும் திட்டப் பிழையும் ஆயிரம் மடங்காகும். டி-விகிதமும் ஆர்-ஸ்கொயரும் அசையாது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இது மறக்காது.

மாறிலியைப் பற்றி ஒரு வரி. 52.35 ஆயிரம் டாலர் என்பது பரப்பே இல்லாத வீட்டின் விலை என்று எழுதுவது அர்த்தமற்றது. தரவில் மிகச் சிறிய வீடே 1,065 சதுர அடி, பெரியது 3,000. அந்த எல்லைக்கு வெளியே கோட்டை நீட்டுவது நம் சொந்தப் பொறுப்பு. மாறிலியின் டி-விகிதம் 1.40 மட்டுமே என்பதால் அதை நீக்கிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. நீக்கினால் கோடு பூஜ்ஜியத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதாகிவிடும், சரிவும் கெட்டுப்போகும்.

இனி நட்சத்திரங்கள். கிரெட்லில் ஒரு நட்சத்திரம் 10% மட்டம், இரண்டு 5%, மூன்று 1%. ஆர் மொழியின் வழக்கமான வெளியீட்டில் ஒரு நட்சத்திரம் 5%, இரண்டு 1%, மூன்று 0.1%, 10%-க்கு வெறும் புள்ளி. ஒரே கெழுவுக்கு இரண்டு மென்பொருளிலும் வேறு வேறு எண்ணிக்கையில் நட்சத்திரம் விழுவது இதனால்தான். அறிக்கையில் நட்சத்திரம் போடுவதாக இருந்தால் அதன் பொருளை அட்டவணையின் கீழே எழுதிவிட வேண்டும். நட்சத்திரத்தை விட்டுவிட்டுத் திட்டப் பிழையைக் கொடுப்பது அதைவிட நல்லது.

எழுத்துச் சுருக்கங்களிலும் இதே போன்ற குழப்பம் உண்டு. எச்சங்களின் (உண்மை மதிப்புக்கும் மாடல் சொல்லும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளின்) வர்க்கக் கூட்டுத்தொகையைச் சில பாடநூல்கள் எஸ்.எஸ்.ஆர் என்கின்றன. சில நூல்கள் அதையே ஈ.எஸ்.எஸ் என்கின்றன, வேறு சில நூல்களில் ஈ.எஸ்.எஸ் என்றால் மாடல் விளக்கிய பகுதி. கிரெட்ல் சுருக்கமில்லாமல் எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை என்றே அச்சிடுகிறது. சிறிய விஷயம்தான், ஆனால் பல கெழுக்களை ஒன்றாகச் சோதிக்கும் எஃப் சோதனையைக் கையால் போடும்போது பாதிப் பிழைகளை இது தடுக்கும்.

கிரெட்லின் உண்மையான பலம் மாடல் சாளரத்தில் இருக்கிறது. ரிக்ரெஷன் முடிந்ததும் அதே சாளரத்தின் மேல் பகுதியில் டெஸ்ட்ஸ், அனாலிசிஸ், கிராஃப்ஸ் என்று மெனுக்கள் நிற்கும். அந்த மாடலுக்குப் பொருந்தும் சோதனைகளை மட்டுமே அது தேர்ந்தெடுக்க விடும். குறுக்குவெட்டுத் தரவில் (ஒரே காலத்தின் பல அலகுகள்), அடுத்தடுத்த பிழைகளின் தொடர்பை அளக்கும் டர்பின்-வாட்சன் எண்ணை அச்சிடுவதே இல்லை. வீடுகளைப் பரப்பு வாரியாக அடுக்கினால் ஒரு எண், விலை வாரியாக அடுக்கினால் இன்னொரு எண் என்று வரக்கூடிய அந்தப் புள்ளிவிவரத்துக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. எதையும் கேட்காமல் அதை அச்சிட்டு வைக்கும் மென்பொருள்கள் உண்டு. அவற்றின் பயனாளர்கள், தன்னொட்டுறவு இல்லை என்று வீட்டு விலை அறிக்கையில் எழுதுவதும் உண்டு.

இன்னொரு நல்ல பழக்கம்: மெனுவிலிருந்து ஒரு சோதனையை ஓட்டியதும் அதன் முடிவு மாடல் வெளியீட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். சோதனையின் பெயர், இன்மைக் கருதுகோள் (சோதனை மறுக்கப் பார்க்கும் கூற்று) ஒரு வாக்கியமாக, சோதனை எண், பி-மதிப்பு என்ற வரிசையில். இன்மைக் கருதுகோளை எழுதிக் காட்டுவது பெரிய உபகாரம். டி-சோதனையில் சிறிய பி-மதிப்பு வந்தால் மகிழ்ச்சி. பிழைகளின் பரவல் சீரா என்று பார்க்கும் ஒயிட் சோதனையிலும், மாடலின் வடிவம் சரியா என்று பார்க்கும் ரீசெட் சோதனையிலும் சிறிய பி-மதிப்பு வந்தால் கவலை. முதல் தாள் மாணவர்கள் மிக அதிகமாகத் தலைகீழாக்கும் இடம் இது. அந்த ஒரு வரியைப் படித்தால் தலைகீழாகாது.

இப்போது படுக்கையறையையும் குளியலறையையும் சேர்த்து ஓட்டலாம். பரப்பின் கெழு 0.1548 ஆகிறது, திட்டப் பிழை 0.0319. படுக்கையறைக்கு −21.59, திட்டப் பிழை 27.03, பி-மதிப்பு 0.443. குளியலறைக்கு −12.19, திட்டப் பிழை 43.25, பி-மதிப்பு 0.784. ஆர்-ஸ்கொயர் 0.8360-ஆக உயர்கிறது. மாறிகளின் எண்ணிக்கைக்காகச் சரிக்கட்டிய ஆர்-ஸ்கொயரோ 0.8056-லிருந்து 0.7868-ஆக இறங்குகிறது. மாறியைச் சேர்த்தால் முன்னது ஒருபோதும் குறையாது என்பதற்கும், பின்னது ஏன் தேவை என்பதற்கும் இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

படுக்கையறைக்கு எதிர்மறைக் குறி ஏன்? பரப்பு மாறாமல் இருக்கும்போது இன்னொரு படுக்கையறை என்றால், அதே இடத்தைக் கூடுதலாகத் தடுத்துப் பிரித்ததாகிறது. ஒவ்வொரு அறையும் சிறுக்கும், கூடம் குறுகும். ஆகவே குறி அபத்தமல்ல. 'மற்றவை மாறாதபோது' என்ற நிபந்தனையைச் சொல்லாமல் விட்டால்தான் அபத்தமாகத் தெரியும். அடுத்து, 0.443 என்ற பி-மதிப்பைப் படுக்கையறைக்கு விளைவே இல்லை என்பதற்கு 44.3% வாய்ப்பு என்று எழுதக்கூடாது. உண்மைக் கெழு பூஜ்ஜியமாக இருந்தால், இவ்வளவு அல்லது இதைவிட விலகிய டி-விகிதம் வருவதற்கான வாய்ப்பு 44.3% என்பதே அதன் பொருள். அனாலிசிஸ் மெனுவில் நம்பிக்கை இடைவெளியைக் கேட்டால் இன்னும் தெளிவாகும்: 95% இடைவெளி சுமார் −81.8 முதல் 38.6 வரை. எண்பதாயிரம் டாலர் குறையலாம், முப்பத்தெட்டாயிரம் கூடலாம் என்று சொல்லும் இடைவெளி, 'விளைவு இல்லை' என்று சொல்லவில்லை. 'இந்த 14 வீடுகளை வைத்துச் சொல்ல முடியாது' என்கிறது.

முதல் குறை இங்கேதான். இந்த வெளியீட்டின் அடியில் கிரெட்ல் தானாகவே ஒரு வரி எழுதும்: மாறிலியைத் தவிர்த்துப் பார்த்தால், மிக உயர்ந்த பி-மதிப்பு குளியலறை என்ற மாறிக்கு. தகவல் சரிதான். ஆனால் படிப்பவருக்கு அது 'இதை நீக்கு' என்று காதில் விழுகிறது. நீக்கினால் அடுத்த வெளியீட்டில் அடுத்த பலியின் பெயர் வரும். டெஸ்ட்ஸ் மெனுவில் மாறிகளை நீக்கும் கட்டளைக்குள் இந்த வேலையைத் தானியங்கியாகவே செய்ய ஒரு தேர்வும் இருக்கிறது, பி-மதிப்பு எல்லையைக் கொடுத்தால் போதும். பாடம் கற்கும் கட்டத்தில் அந்தத் தேர்வைத் தொடாமல் இருப்பது நல்லது. தரவைப் பார்த்து மாறிகளைக் கழித்துக் கட்டிய பிறகு மிஞ்சும் பி-மதிப்புகள், ஒரே முறை சோதித்தது போலப் பாவனை செய்கின்றன. உண்மையில் அவை அளவுக்கு மீறிச் சிறுத்திருக்கும்.

செய்ய வேண்டியது கூட்டுச் சோதனை. அதே நீக்கும் கட்டளையில் படுக்கையறை, குளியலறை இரண்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் எஃப் சோதனை வரும். கையாலும் போட்டுப் பார்க்கலாம். கட்டுப்படுத்திய மாடலின் எச்ச வர்க்கக் கூட்டுத்தொகை 18,273.57. முழு மாடலுக்கு 16,700.07. வேறுபாட்டை 2-ஆல் வகுத்தால் 786.75. முழு மாடலின் கூட்டுத்தொகையை அதன் கட்டின்மைக் கூறான (14 வீடுகள் கழித்தல் 4 கெழுக்கள்) 10-ஆல் வகுத்தால் 1,670.01. விகிதம் 0.471, பி-மதிப்பு 0.638. இரண்டும் சேர்ந்தும் எதையும் கூட்டவில்லை என்ற கருதுகோளை மறுக்க வழியில்லை. தனித்தனி டி-சோதனைகள் இரண்டும் தோற்றதால் கூட்டுச் சோதனையும் தோற்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்டக் கூடாது. இரண்டு மாறிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் தனித்தனியே தோற்று, சேர்ந்து வெல்வது சாதாரணம். இங்கே அப்படி ஆகவில்லை என்பது தனிச் செய்தி. இதைக் கையால் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: இரண்டு மாடலும் ஒரே கண்காணிப்புகளின் (தரவு வரிசைகளின்) மீது ஓடியிருக்க வேண்டும். ஏதாவது மாறியில் காலிக் கட்டங்கள் இருந்தால் கிரெட்ல் அந்த வரிசைகளைக் கைவிட்டு, எத்தனை என்று வெளியீட்டின் தலைப்பில் சொல்லும். அந்த எண்ணைப் பார்க்காமல் இரண்டு கூட்டுத்தொகைகளைக் கழித்தால், எஃப் மதிப்பு எதிர்மறையாக வரக்கூட வாய்ப்புண்டு.

மாறிகள் தமக்குள் பின்னிக்கிடக்கும் சிக்கலுக்கு வி.ஐ.எஃப் என்ற அளவு அனாலிசிஸ் மெனுவில் இருக்கிறது. பரப்புக்கு அது சுமார் 2.65. 10-ஐத் தாண்டினால் யோசி என்ற வழக்கமான எல்லைக்கு மிகக் கீழே. 2.65 என்றால், மற்ற இரண்டு மாறிகளோடும் ஒட்டுறவே இல்லாதிருந்தால் இருக்கக்கூடியதைவிடத் திட்டப் பிழை அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது சுமார் 1.63 மடங்கு பெருத்திருக்கிறது. ஆகவே படுக்கையறைக் கெழு தெளிவாக வராததற்கு மல்டிகொலினியாரிட்டி என்று பழி போட்டுவிட்டு நகர முடியாது. முக்கியக் காரணம் மாதிரி சிறியது என்பதே. 10 என்ற எல்லைக்கும் கோட்பாட்டு ஆதாரம் எதுவுமில்லை, அது ஒரு கைப்பழக்கம்.

இனி மதிப்புரையின் கனமான பகுதி: பிழைகளின் பரவல் சீராக இருக்கிறதா என்ற சோதனை. மறுபடி எளிய மாடலுக்கே வருவோம். கிராஃப்ஸ் மெனுவில் எச்சங்களைப் பரப்புக்கு எதிராக வரையச் சொன்னால் புனல் வடிவம் தெரிகிறது. மிகச் சிறிய மூன்று வீடுகளின் எச்சமும் 2.3 ஆயிரத்துக்குள் அடங்குகிறது. 2,600 சதுர அடி வீட்டின் எச்சம் மட்டும் 91.9 ஆயிரம், 3,000 சதுர அடி வீட்டுக்கு −53.6 ஆயிரம். கண் சொல்வதைச் சோதனை ஆமோதிக்கிறதா?

டெஸ்ட்ஸ் மெனுவில் ஹெட்டிரோஸ்கெடாஸ்டிசிட்டி (பரவல் சீரின்மை) என்பதன் கீழ் ஒயிட், வர்க்கங்கள் மட்டும் கொண்ட ஒயிட், புரூஷ்-பேகன், கோன்கர் என்று நான்கு சோதனைகள் நிற்கின்றன. புரூஷ்-பேகனைச் சொடுக்கினால் எண் 5.19, பி-மதிப்பு 0.023. 5% மட்டத்தில் சீர்மை மறுக்கப்படுகிறது. அடுத்த வரியிலுள்ள கோன்கரைச் சொடுக்கினால் 3.68, பி-மதிப்பு 0.055. மறுக்கப்படவில்லை! ஒரே தரவு, ஒரே மாடல், ஒரே மெனு.

காரணம் எளிது. இரண்டுமே எச்சங்களின் வர்க்கத்தைப் பரப்பின் மீது ரிக்ரெஷன் செய்கின்றன. மூலப் புரூஷ்-பேகன் பிழைகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகின்றன என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற எண்ணால் வகுக்கிறது. கோன்கர் வடிவம் அந்த அனுமானத்தைக் கைவிட்டு, துணை ரிக்ரெஷனின் ஆர்-ஸ்கொயரை மாதிரி அளவால் பெருக்குகிறது: 14 × 0.263 = 3.68. பாடநூல்களில் 'என் பெருக்கல் ஆர்-ஸ்கொயர்' என்று சொல்லித்தரப்படுவது இதுதான். அந்தச் சூத்திரத்தைப் படித்துவிட்டு மெனுவில் புரூஷ்-பேகனை அழுத்துபவருக்குக் கைக்கணக்கும் திரையும் ஒத்துப்போகாது. தவறு யாருடையது என்று ஒரு மாலை முழுக்கத் தேடுவார். மெனுவில் இதை விளக்க ஒரு வரி சேர்த்திருக்கலாம். பொதுவாகக் கோன்கரையே தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

ஒயிட் சோதனைக்கு வேறொரு எச்சரிக்கை. மூன்று சாரா மாறிகள் கொண்ட மாடலில் அது மூல மாறிகள் 3, வர்க்கங்கள் 3, பெருக்கல்கள் 3 என்று 9 உறுப்புகளையும் மாறிலியையும் சேர்க்கும். 14 கண்காணிப்புகளுக்கு 10 கெழுக்கள். துணை ரிக்ரெஷனின் ஆர்-ஸ்கொயர் தானாகவே உயர்ந்திருக்கும், கை-வர்க்கத் தோராயமும் நம்பத்தக்கதல்ல. கிரெட்ல் ஓட்டிக் கொடுத்துவிடும், முணுமுணுக்காது. வர்க்கங்கள் மட்டும் கொண்ட வடிவம் இப்படிப்பட்ட நிலைக்காகத்தான் இருக்கிறது.

சோதனைகள் இப்படி முரண்படும்போது நடைமுறையில் செய்வது, பரவல் சீராக இல்லாவிட்டாலும் பொருந்தும் வலுவான (ரோபஸ்ட்) திட்டப் பிழைகளைக் கொடுத்துவிடுவது. ஓ.எல்.எஸ் பெட்டியில் அதற்கென ஒரு சிறு கட்டம் இருக்கிறது, டிக் செய்தால் போதும். கெழு மாறாது, திட்டப் பிழையும் அதைச் சார்ந்தவையும் மட்டும் மாறும். இதைப் புரியாமல், ரோபஸ்ட் போட்டும் கெழு அப்படியே இருக்கிறதே என்று கேட்பவர்கள் ஏராளம்.

இரண்டாவது குறை அந்தக் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வலுவான திட்டப் பிழை என்பது ஒன்றல்ல, ஒரு குடும்பம். எச்.சி.0, எச்.சி.1, எச்.சி.2, எச்.சி.3 என்று வடிவங்கள் உண்டு. நம் 14 வீடுகளுக்குப் பரப்பின் திட்டப் பிழை சாதாரணமாக 0.0187, எச்.சி.1-இல் 0.0220, எச்.சி.3-இல் 0.0278. டி-விகிதம் 7.41-லிருந்து 6.30-க்கும் பிறகு 5.00-க்கும் இறங்குகிறது. எச்.சி.1 வெறுமனே மாதிரி அளவுக்கான ஒரு பெருக்கலைச் சேர்க்கிறது. எச்.சி.3 கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் ஓரப் புள்ளிகளின் எச்சத்தைப் பெரிதாக்கிக் கணக்கிடுகிறது. 3,000 சதுர அடி வீடு அப்படிப்பட்ட புள்ளி: கோட்டைத் தன்னை நோக்கி இழுப்பதால் அதன் எச்சம் உள்ளதைவிடச் சிறிதாகத் தோன்றும். ஸ்டேட்டாவின் ரோபஸ்ட் தேர்வு எச்.சி.1 தரும், ஆர் மொழியின் சாண்ட்விச் தொகுப்பு, வேறு சொல்லாவிட்டால், எச்.சி.3 தரும். கிரெட்லில் எது என்பதை டூல்ஸ் மெனுவின் விருப்ப அமைப்புகளில் பார்த்து மாற்றலாம். நண்பரின் விடையும் உங்கள் விடையும் மூன்றாம் தசமத்தில் பிரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இது. கண்காணிப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் பொதுவாக வேறுபாடு கரைந்துவிடும். சிறிய மாதிரியில் எச்.சி.3 நல்லது. மேலும், தரவை நேரத் தொடர் என்று அறிவித்திருந்தால் அதே கட்டம் தன்னொட்டுறவையும் கணக்கில் எடுக்கும் எச்.ஏ.சி வகைத் திட்டப் பிழைக்குத் தாவிவிடும், வெளியீட்டின் தலைப்பு வரியில் மட்டும் அது தெரியும்.

நேர்கோட்டுக் கட்டுப்பாடுகளைச் சோதிக்கும் பெட்டி அதிகம் பேசப்படாத நல்ல வசதி. பரப்பின் கெழு பூஜ்ஜியமா என்பது பெரும்பாலும் சுவாரசியமற்ற கேள்வி. வீட்டு விலைக்கும் பரப்புக்கும் தொடர்பில்லை என்று யார் நம்புவார்? சதுர அடிக்கு 100 டாலரா என்பது அதைவிட நல்ல கேள்வி. பெட்டியில் அந்தக் கெழு 0.1-க்குச் சமம் என்று எழுதினால் எஃப் மதிப்பு 4.28 வரும். கையால் போட்டால் டி-விகிதம் 2.07, அதன் வர்க்கம்தான் அந்த 4.28. 12 கட்டின்மைக் கூறுகளுக்கு 5% எல்லை மதிப்பு 2.179 என்பதால் மறுக்க முடியவில்லை. நம்பிக்கை இடைவெளியைப் பார்த்தாலும் 0.098 முதல் 0.180 வரை, 0.1 உள்ளேதான் இருக்கிறது. மூன்று வழியும் ஒரே பதிலுக்கு வருவதை ஒரே சாளரத்தில் காட்ட முடிவது கற்பிப்பவருக்கு வரப்பிரசாதம். பெட்டியில் மாறிப் பெயர்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டைக் கிரெட்ல் பார்க்கும்.

ரீசெட் சோதனை ஒரே சொடுக்கில் ஓடும். பொருத்திய மதிப்புகளின் வர்க்கத்தையும் கனத்தையும் சேர்த்து, அவை ஏதாவது விளக்குகின்றனவா என்று பார்க்கிறது. மாடல் அதில் தோற்றால், அதாவது பி-மதிப்பு சிறிதாக வந்தால், வடிவம் சரியில்லை என்று தெரியும், எந்த மாறியில் என்று தெரியாது. வென்றாலும், விடுபட்ட மாறி எதுவும் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. விடுபட்ட ஒன்று உள்ளிருப்பவற்றோடு நேர்கோட்டில் ஒட்டியிருந்தால் ரீசெட்டுக்கு அது தெரியவே தெரியாது. எச்சங்களின் இயல்நிலைச் சோதனைக்குக் கிரெட்ல் டூர்னிக்-ஹான்சன் வடிவத்தைத் தருகிறது. பாடநூலில் ஜார்க்-பேரா படித்தவர்கள் எண் மாறுவதைக் கண்டு பதற வேண்டாம்.

லாக் மாடல்களுக்கு, மாறியைத் தேர்ந்தெடுத்து ஆட் மெனுவில் லாக் சேர்த்தால் புதிய மாறி உருவாகும். இயல் மடக்கை என்பதை நினைவில் கொள்க. பொருள் சொல்வதற்கு, பாடநூல்களில் புகழ்பெற்ற வேஜ்1 தரவு பொருத்தமானது. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து 526 பேர். கிரெட்லோடு அது வராது, கிரெட்லின் தளத்திலிருந்து தனியே இறக்கிக்கொள்ள வேண்டும், இலவசம். கூலியின் லாக்கைக் கல்வி ஆண்டுகள், அனுபவம், பணிக்காலம் மூன்றின் மீதும் ஓட்டினால் கல்விக்கு 0.092, அனுபவத்துக்கு 0.0041, பணிக்காலத்துக்கு 0.022, ஆர்-ஸ்கொயர் 0.316. கல்வி ஓராண்டு கூடினால் கூலி சுமார் 9.2% கூடுதல் என்று எழுதலாம். துல்லியம் வேண்டுமானால் கெழுவை e-யின் அடுக்குக்குறியில் போட்டு 1-ஐக் கழிக்க, 9.6% வரும். அனுபவக் கெழுவின் டி-விகிதம் 2.4, ஆகவே புள்ளியியல் ரீதியாகத் தேறுகிறது. ஆனால் மூன்றாண்டு அனுபவம் கூடினால் கூலி 1.2% கூடும் என்பது பெரிய விளைவா? அதை மென்பொருள் சொல்லாது, நட்சத்திரமும் சொல்லாது. ஒன்று மட்டும் நிச்சயம்: லாக் மாடலின் ஆர்-ஸ்கொயரைச் சாதாரண மாடலினுடையதோடு ஒப்பிடக் கூடாது, சார்ந்த மாறியே வேறு.

முன்கணிப்புப் பகுதியில் ஒரு அழகான தேர்வு இருக்கிறது: இடைவெளி தனி வீட்டுக்கா, சராசரிக்கா என்று கேட்கும். 2,000 சதுர அடிக்கு மதிப்பு 329.9 ஆயிரம். அந்த அளவு வீடுகளின் சராசரி விலைக்கு 95% இடைவெளி 307 முதல் 353 வரை. தனியொரு வீட்டுக்கோ 242 முதல் 418 வரை. ஆர்-ஸ்கொயர் 0.82 என்று பெருமைப்படுபவர் இந்த இரண்டாவது இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. எக்செலின் ரிக்ரெஷன் கருவியோடு ஒப்பிட்டால் கிரெட்ல் எங்கோ முன்னே நிற்கிறது. எக்செலில் வலுவான திட்டப் பிழை இல்லை, சாரா மாறிகள் 16-க்கு மேல் போகாது, அவை அடுத்தடுத்த நெடுவரிசைகளிலேயே இருக்க வேண்டும். ஆர் மொழி எல்லாவற்றையும் செய்யும், ஆனால் முதல் மாதம் பொருளாதார அளவையியலைவிட மொழியைக் கற்பதில் கரையும். கிரெட்லில் ஒரு நேரத்தில் ஒரே தரவுத்தொகுப்பைத்தான் திறந்து வைக்க முடியும். வரைபடங்கள் தெளிவு, அழகு என்று சொல்ல முடியாது. 0 அல்லது 1 மட்டும் எடுக்கும் டம்மி மாறிகளை எல்லாவற்றையும் சேர்த்து மாறிலியையும் வைத்தால், ஒன்றைத் தானே தூக்கிவிட்டு அடியில் ஒரு குறிப்பு எழுதும். எது அடிப்படைப் பிரிவு என்று தீர்மானிக்கும் வேலையை அதனிடம் விட்டுவிட்டால், கெழுக்களை எதோடு ஒப்பிட்டுப் படிப்பது என்பது தெரியாமல் போகும். எந்த டம்மியை விடுவது என்று நாமே முடிவுசெய்து நீக்குவதே சரி.

கடைசியாக, மெனுவில் சொடுக்கும் ஒவ்வொன்றையும் கிரெட்ல் கட்டளை வரியாகப் பதிவுசெய்து வைக்கிறது. டூல்ஸ் மெனுவில் கட்டளைப் பதிவைத் திறந்து, தவறிச் சொடுக்கிய வரிகளை நீக்கி, ஒரு ஸ்கிரிப்டாகச் சேமித்தால் முழுப் பயிற்சியும் ஏழெட்டு வரியில் அடங்கும். நிரல் எழுதத் தெரியாதவர் ஸ்கிரிப்ட் பழகுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. எத்தனை மாடல்களை ஓட்டிய பிறகு இந்த ஒன்று அறிக்கைக்கு வந்தது என்ற கணக்கும் அந்தப் பதிவில் அப்படியே இருக்கும்.